ஒரே வரியில் முடித்துவிட்டானாம்!

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பைதன் ஸ்கிரிப்டை (பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய சின்ன நிரல்) யாரும் கேட்காமலே எடுத்துச் சுருக்கி, "அண்ணா, ஒரே வரியில முடிச்சிட்டன்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறவனை என்ன செய்வது? திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குச் செய்து கொடுத்த சின்ன வேலை அது. ஊழியர்களின் அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுத்து, அன்றைக்கு வயதோடு ஒரு வாழ்த்து அனுப்பும், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத் தம்பிக்கு அது கண்ணை உறுத்திவிட்டது.

அது நீளமாக இருந்தது என் ஆசைக்கு இல்லை, நம்முடைய இலங்கை அடையாள அட்டை இலக்கமே அப்படி. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டும் வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 2016இல் வந்த புதிய முறையில் 12 இலக்கம், வருடம் நான்கு இலக்கமாக முன்னால் நிற்கும். இதற்கு மேல் இன்னொரு கூத்து, லீப் வருடமோ இல்லையோ அந்த நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். 1985 மார்ச் 10இல் பிறந்த ஆணின் அட்டையில் 070 என்று இருக்கும், ஆனால் கலண்டரை வைத்து எண்ணினால் அந்த வருடத்தின் 70ஆவது நாள் மார்ச் 11. இதற்கென்றே ஒரு 'இஃப்' (இப்படி இருந்தால் இதைச் செய் என்கிற நிபந்தனை வரி) வைத்து, ஏன் வைத்தேன் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். ஐயா முதலில் தூக்கியது அந்த இரண்டையும்தான்!

அப்புறம் என்ன, எல்லோருக்கும் முதல் இரண்டு இலக்கத்தை வெட்டி முன்னால் 19ஐ ஒட்டிவிட்டான். வரவேற்பில் நிற்கும் 2003இல் பிறந்த பிள்ளை 1920இல் பிறந்தவளாகி நூறு வயதைத் தாண்டிவிட்டாள். பழைய அட்டைக்காரர் பாதிப்பேருக்கு வாழ்த்து மறுநாள் போகிறது. மனேஜர் கோல் எடுத்து ஏசுவது யாரை? என்னைத்தான்.

வாழ்த்தையாவது விட்டானா? தமிழில் அழகாக இருந்ததை எடுத்துவிட்டு 'எச்பிடி' (ஹாப்பி பேர்த்டேயின் சுருக்கம்) என்று மூன்று ஆங்கில எழுத்து. கேட்டால், தமிழ் பைட் தின்னுதாம், அதாவது கணினியில் இடம் பிடிக்குதாம். உண்மைதான், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'திருகோணமலை' கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே பத்துக் குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். அதற்காக? பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் இடம் ஒதுக்குவதே 4 கேபி துண்டுகளாகத்தான், இவன் இரண்டு கேபி கோப்பை முந்நூறு பைட் ஆக்கி எந்த இடத்தை மிச்சம் பிடித்தான்? வேகமும் இல்லை. மாறியின் (மதிப்பைப் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) பெயரைப் 'பிறந்ததிகதி' என்று வைத்தாலும் 'அ' என்று வைத்தாலும் பைதனுக்கு ஒன்றுதான், குறிப்பு வரிகளை அது நிரலைத் தான் ஓட்டுகிற பைட்கோட் வடிவத்துக்கு ஆக்கும்போதே தூக்கிப் போட்டுவிடும். அந்தப் பெயரும் குறிப்பும் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கிற மனிசனுக்கு அப்பா, மெஷினுக்கு இல்லை.

கோட் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிற மாதிரி குறைந்த பைட்டில் கணக்கை முடிக்க வேண்டும். உண்மைக்கும் பொய்க்கும் பைதன் 1, 0 என்று மதிப்பு வைத்திருப்பதை வைத்து, 500க்கு மேலா என்ற கேள்வியையே சுட்டெண்ணாக (பட்டியலில் எத்தனையாவதை எடுக்க வேண்டும் என்று காட்டும் எண்) போட்டு ஆண், பெண் பிரித்திருந்தான், அது கெட்டித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். பின்னேரம் டச் பே கடற்கரையில் இருந்து விளையாடு ராசா, யார் வேண்டாம் என்றது? காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்த வேலையில் ஏன் கை வைக்கிறாய்?

எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டு வந்து இருந்தால், சம்பள ஸ்கிரிப்டும் நீளமாய்க் கிடக்குது அண்ணா, சுருக்கித் தரவா என்று கேட்கிறான். சேமலாப நிதிக்கு ஊழியரிடம் 8 வீதம், முதலாளியிடம் 12, நம்பிக்கை நிதிக்கு 3 என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியில் பெயரோடு இருக்கிறது, அப்படியேதான் இருக்கும். இன்றைக்கே அந்த ஃபோல்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், நீளமான பாஸ்வேர்டாகப் பார்த்து.