அப்புச்சியின் தீர்த்தக் குடம்

கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து ஊர்க்கோயிலுக்குச் சுமந்துவரும் வழக்கம் பற்றிய கட்டுரையைப் படித்ததும், என் அம்மாவின் அப்பாவான அப்புச்சி கண்முன் வந்து நின்றார். ஊர் மாரியம்மன் பொங்கலுக்குக் காவிரியில் முழுகி, பித்தளைக் குடத்தின் வாயில் வேப்பிலை செருகி, ஈர வேட்டியோடு இரவெல்லாம் நடந்தே வருவார். வழியில் குடத்தைத் தரையில் வைக்கவே மாட்டார். தோளில் காய்ப்பேறியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்திருக்கிறேன். சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படிகளையும் எழுபது வயதுக்கு மேலும் ஏறியவர்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு கோடையில் ஊர்க்கிணறு வற்றியபோது, தன் வாழைக்குப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு ஊராருக்கு மோட்டாரைப் போட்டுவிட்டார். அவர் மனைவி, என் அம்மாயி வருந்தியபோது, "சாமிக்குச் சுமக்கிறவன் சனத்துக்குத் தர மாட்டேனா?" என்றார். வாழை காய்ந்தே போனது.

அந்தக் குடம் எங்களிடம்தான் இருக்கிறது. வரும் மாரியம்மன் பொங்கலுக்கு என் மகன் சுமக்கிறான்.