ராத்திரியில் இறங்கும் சர்க்கரை

சர்க்கரை நோயுள்ள தாய் இன்சுலின் போட்டாலும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், சரி. ஆனால் அந்தக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம்தான் வீட்டில் பெரிய தொல்லை: பால் கொடுக்கும்போது தாய்க்குச் சர்க்கரை இறங்குவது. இங்கே மும்பை மாட்டுங்காவில் என் மகளுக்கு விடியற்காலையில் பால் கொடுக்கும்போதுதான் கை நடுங்கும், நெற்றி வியர்க்கும். குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன். மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பிரசவத்துக்கு அப்புறம் இன்சுலின் தேவையே குறையும். கர்ப்பகால அளவையே தொடராமல் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். பத்தியம் என்று ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கும் பெரியவர்கள் (எங்கள் சம்பந்தியம்மா உட்பட) இதைக் கொஞ்சம் படிக்கட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம், பாலில் போவது மிகக் கொஞ்சம்தான்.