கலரை எடுத்துவிட்டால் கறுப்பு வெள்ளை ஆகிவிடாது

சரியாக வராத கலர் படத்தை, ‘சரி, கறுப்பு வெள்ளையாக்கிடலாம்’ என்று மாற்றிப் போடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. முதல் கோபம் என்மேல்தான். இரண்டு வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஒரு செகண்ட் ஹேண்ட் கேமரா, ஞாயிறு காலை, கோயம்பேடு பூ மார்க்கெட், அவ்வளவுதான். கனகாம்பரக் குவியலையும் பக்கத்திலிருந்த மரிக்கொழுந்துக் கட்டையும் ஆசையாக எடுத்தேன். கலரை நீக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல்! ஆரஞ்சும் பச்சையும் நம் கண்ணுக்குத்தான் எதிரும் புதிரும். வெளிச்சத்தின் அளவு ஒன்றாக இருந்துவிட்டால் கறுப்பு வெள்ளையில் வித்தியாசமே தெரியாது. படத்தில் உருப்படியாக இருந்தது, தார்ப்பாய் இடுக்கில் இறங்கிய வெயிலும் அது பட்ட ஒரு சுமைதூக்குபவரின் தோளும். நான் கவனிக்கவே இல்லாத தோள்.

அப்புறம் கேமரா திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டேன். ஃபைல் ‘ரா’வாக (raw), சென்சார் பிடித்தது பிடித்தபடி பதிவாவதால் நிறம் உள்ளே பத்திரமாக இருக்கும், எடுக்கிற எனக்கு மட்டும் தெரியாது. 35 எம்.எம். லென்ஸ், லென்ஸின் துளை எஃப் 8, ஃபோகஸ் 2 மீட்டர் என்று முன்னாலேயே வைத்துவிடுவேன். ஃபுல் ஃப்ரேம் கேமராவில், அதாவது பழைய 35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார் உள்ளதில், ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நிற்பவர்கள் தெளிவாக விழுவார்கள். மீதி நேரமெல்லாம் நிழலைப் பார்க்கத்தான்.

சிகாகோவில் வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயரும் தானாகக் கற்றவர்தான். ஒரு லட்சம் படங்களுக்கு மேல் எடுத்திருக்கிறார். 2007இல் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவை வெளியே தெரிந்தன. 2009இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய ரோலிஃப்ளெக்ஸ் ஃபிலிம் கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். மார்க்கெட்டில் ஒரு மாடு தலையைத் திருப்புவதற்குள் நான் 12 அழுத்திவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாத்தா பாட்டிகளின் முகச் சுருக்கத்தைக் கிட்டப்போய் எடுத்து, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ‘வாழ்க்கை’ என்று தலைப்பு வைப்பதை நிறுத்துங்களேன். வயதாவது ஒரு கலைப்பொருளா?

போன வாரம் பூக்கார அக்கா ஒருவர் தன் படத்தைக் காட்டச் சொன்னார். எனக்கு ரொம்பப் பிடித்த படம். பெருமையாக நீட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன் தம்பி, என் கனகாம்பரம் எங்கப்பா?”