நடை வேகத்தில் ஒரு வால்நட்சத்திரம்

மதுரை மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளத்து நடுவில் சூரியனை வையுங்கள். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை, அதாவது ஒரு வானியல் அலகை, ஒரு மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். நெப்டியூன் 30 மீட்டரில், கோயிலுக்குள்ளேயே அடங்கிவிடும். சூரியனை வெகு தொலைவில் சூழ்ந்திருக்கும் வால்நட்சத்திரக் கூட்டமான ஊர்ட் மேகத்தில் 50,000 அலகு தள்ளிக் கிடக்கும் வால்நட்சத்திரம் விருதுநகரைத் தாண்டி, சாத்தூருக்கு முன்னால். நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரமான ப்ராக்ஸிமாவோ 268 கிலோமீட்டர், குமரிமுனையும் கடந்து கடலுக்குள்.

அந்தச் சாத்தூர் தூரத்தில் வால்நட்சத்திரம் ஊர்ந்துதான் நகரும். பக்கவாட்டு வேகம் வினாடிக்கு 4 மீட்டர், ஒரு சைக்கிள் வேகம் என்றால், சூரியனை நோக்கி விழும்போது 22.5 அலகு வரைதான் நெருங்கும். யுரேனஸுக்கு அப்பாலேயே திரும்பிவிடும், நம் கண்ணில் படாது. அதுவே 1 மீட்டராக, நிதானமான நடையாகக் குறைந்தால் 1.4 அலகு, செவ்வாய்க்கும் உள்ளே வந்துவிடும்.

அதனால்தான், கடந்துபோகும் நட்சத்திரம் வால்நட்சத்திரத்தைச் சூரியன் பக்கம் 'தள்ளிவிடுகிறது' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. விழவைப்பது சூரியன். நட்சத்திரம் அந்த 3 மீட்டரைப் பறித்தால் போதும். சில சமயம் வேகத்தைக் கூட்டி, வரவேண்டியதை வராமலும் செய்யும்.

நட்சத்திரம் வால்நட்சத்திரத்தின் வேகத்தை எவ்வளவு மாற்றும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். நட்சத்திரத்தின் நிறையை (சூரியன் 1) 1,774-ஆல் பெருக்குங்கள். வால்நட்சத்திரத்தை எவ்வளவு நெருங்குகிறது என்ற தூரத்தாலும் (வானியல் அலகில்), நட்சத்திரத்தின் வேகத்தாலும் (வினாடிக்குக் கி.மீ.) வகுங்கள். சூரியனில் பாதி நிறை, 30 கி.மீ. வேகம், 10,000 அலகு என்றால் விடை 0.003 கி.மீ., அதாவது வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். மெதுவாகப் போகும் நட்சத்திரம் கூடுதலாக அசைக்கும்.

பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில். அதே நட்சத்திரம் சூரியனையும் இழுக்கிறது. 50,000 அலகு தள்ளியிருந்தால் 0.6 மீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், திசையையும் சேர்த்து, பாதையை மாற்றும். நட்சத்திரங்கள் மட்டுமல்ல, பால்வெளியின் ஈர்ப்பும் இதே வேலையை ஓயாமல் செய்கிறது. இன்று வருபவற்றில் பெரும்பங்கு அதன் கைவரிசை.

க்ளீஸ் 710 என்ற நட்சத்திரம் சுமார் 13 லட்சம் ஆண்டுகளில் 10,600 அலகு அருகே, நம் கணக்கில் யானைமலைக்குச் சற்று அப்பால், வினாடிக்கு 14 கி.மீ. வேகத்தில் கடக்கும். மறுநாளே கல்மழை என்று பயமுறுத்துவது பொறுப்பற்ற பேச்சு. 50,000 அலகிலிருந்து விழுந்து வரவே 20 லட்சம் ஆண்டு ஆகும். சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஷோல்ஸ் நட்சத்திரம் அந்த 50,000 அலகுக்குச் சற்று அப்பால் கடந்தது. அங்கே அது அசைத்தவை இன்னும் வழியில்தான் இருக்கின்றன.