ரெஃப்ரிக்கு என்ன தண்டனையாம்!

2023 ஐஎஸ்எல் கால்பந்து லீக்கில் நாக் அவுட் ஆட்டத்தின் பாதியிலேயே வெளியேறியதற்காகக் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை. செய்தி வந்ததிலிருந்து என் டைம்லைனில் ஒரே ஒப்பாரி. “ரெஃப்ரிக்கு என்ன தண்டனை?” சரி, நானும் கேட்கிறேன். எதற்குத் தண்டனை?

பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். கேரளா கோல்கீப்பர் தயாராகும் முன்பே பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துக் கோல் போட்டார், நடுவரும் கோல் கொடுத்தார். அதை எதிர்த்துத்தான் கோச் அணியோடு வெளியேறினார். ஃப்ரீ கிக்கை உடனே அடிப்பவர் விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சுவரை, அதாவது பந்துக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் எதிரணி வீரர்களை, தள்ளி நிறுத்த நடுவரே ஆட்டத்தைப் பிடித்து வைத்தால்தான் விசில். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னதாகச் சேத்ரியே பேட்டி கொடுத்தார். கோல்கீப்பர் தயாராகவில்லை என்றால் அதற்கும் நடுவர்தான் பொறுப்பா?

“ஐஎஸ்எல் நடுவர்கள் தப்பே செய்வதில்லையா?” செய்கிறார்கள். வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் வீஏஆரும் அந்த சீசனில் கிடையாது. அவ்வளவுதான், அடுத்ததுக்கு வருவோம்.

“கோச் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்” என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாக் அவுட் ஆட்டத்தில் அணியையே கூட்டிக்கொண்டு வெளியேறினால் உணர்ச்சி. நடுவர் குரலை உயர்த்தினால் மட்டும் திமிர்! கோச்சுக்கு மைக் இருக்கிறது, கொச்சி விமான நிலையத்தில் வரவேற்பு இருக்கிறது. நடுவர் வாய் திறக்க முடியாது. திறக்காவிட்டால் “பார், பதில் இல்லை” என்பீர்கள்.

2005-இல் பார்சிலோனா - செல்சி ஆட்டத்துக்குப் பிறகு அன்றைய செல்சி கோச் மொரீன்யோ கிளப்பிவிட்ட புகாரில், ஸ்வீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க்குக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மனிதர் விசிலையே விட்டுவிட்டுப் போனார். மொரீன்யோவுக்கு 2 ஆட்டத் தடை. அவர் இன்றும் ‘ஸ்பெஷல் ஒன்’.

கூட்டத்துக்குக் கோபம் தானாக வருவதில்லை ஐயா. அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஃபைனலில் நடுவராக நான் பெனால்டி கொடுத்ததும், ஒரு கோச் கோட்டோரமாக நடந்து கேலரியைப் பார்த்துக் கையை உயர்த்தி உயர்த்திக் கத்தவிட்டார். என் அம்மாவையெல்லாம் இழுத்தார்கள். ஆட்டம் முடிந்து அதே ஆள் வந்து, “மனசுல வச்சுக்காதீங்க சார், பசங்களுக்காகக் கத்தினேன்” என்றார். திட்டு விழுந்தபோது ஊரே இருந்தது. இதைச் சொன்னபோது என் பைக் மட்டும்தான் இருந்தது.

“நீயும் ரெஃப்ரி, அதான் பேசுகிறாய்.” ஆமாம், அதற்காகத்தான் பேசுகிறேன். வேறு யார் பேசினீர்கள்?

அப்புறம், “காசு வாங்கியிருப்பான்” என்ற கமெண்டுக்குச் சிரிப்பு எமோஜி போட்ட என் மச்சானுக்கு: ஒரு ஆட்டத்துக்கு எனக்கு என்ன தருகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? போன மாதம் பெட்ரோலுக்கு உன்னிடம்தானே கடன் வாங்கினேன்?