ஆறாம் மாத ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால்

காதுநரம்புக் கட்டிக்கு காமா நைஃப் (கத்தி வைக்காமல் கட்டியின் மேல் குவித்துச் செலுத்தும் கதிர்வீச்சு) சிகிச்சை எடுத்த பிறகு ஆறாம் மாத எம்ஆர்ஐயில் கட்டி பெரிதாகத் தெரிந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை நம்பிப் பயந்து கேட்பதால் சொல்கிறேன், அது சரியல்ல.

கதிர்வீச்சு பட்ட இந்தக் கட்டி (ஆங்கிலத்தில் வெஸ்டிபுலர் ஷ்வானோமா, vestibular schwannoma) முதல் ஓரிரு வருடத்தில் தற்காலிகமாக வீங்குவது அடிக்கடி நடப்பதுதான். உள்ளே செல்கள் சாவதால் நடுப்பகுதி ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்காமல் கறுத்துத் தெரியும், சுற்றளவு கொஞ்சம் கூடும், அப்புறம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும் அல்லது மெல்லச் சுருங்கும், சிலருக்கு இதற்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகிறது. கட்டியைக் காணாமல் செய்வதல்ல, வளரவிடாமல் நிறுத்துவதுதான் இந்தச் சிகிச்சையின் நோக்கம்.

நீங்களே சரிபார்க்கலாம். பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் கட்டியின் ஆங்கிலப் பெயரோடு சூடோப்ரோக்ரெஷன் (pseudoprogression, வளர்ச்சி போலத் தெரியும் தற்காலிக வீக்கம்) என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள், கட்டுரைச் சுருக்கங்களை இலவசமாகவே படிக்கலாம். அதைவிட முக்கியம், சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன் முதல் இன்று எடுத்தது வரை எல்லாவற்றையும் ஒரே ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுத்து ஒரே முறையில் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் அளக்கும் விதத்திலேயே வந்துவிடும்.

புதிதாகக் கடும் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் மட்டும் அடுத்த ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.