ஆமாங்க, மாட்டுக்காரன் பாட்டுதான்

ரெண்டு நாளா எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். வீட்டுலயும் "எவனோ எதையோ சொன்னா நம்ம வீட்டு இட்லி வேகாமலா போயிடப் போகுது, விடுங்க"ன்னாங்க. விடத்தான் பார்த்தேன். முடியல.

டர்ன்பைக் ட்ரூபடோர்ஸ்னு ஒரு அமெரிக்கக் கன்ட்ரி இசை பேண்டு, அதாவது அங்கத்த கிராமத்துப் பாட்டு பாடுறவங்க, தங்களோட புது ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டதைக் கொண்டாடித்தான் போன பதிவு எழுதினேன். அதுக்குக் கீழ என்ன நடந்துதுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். அது என் பதிவு, ஆனா அதோட ஸ்கிரீன்ஷாட்டை எனக்கே நாலு பேர் அனுப்பி வெச்சீங்க, நன்றி. அவர் பெயரைச் சொல்லப் போறதில்ல. இசையைப் பத்தி நிறைய எழுதுறவர், நான் பத்து வருஷமா படிக்கிறவர். யாரோ முகத்தைக்கூடக் காட்டாத ஒரு முட்டை டிபி சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். இவர் சொன்னதுதான் குத்துது. "லேபிள் கிடைக்காதவன் சொந்தமா ஆல்பம் போடுறான். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். போதாததுக்கு மாட்டுக்காரன் பாட்டு வேற." பின்னாடியே மூணு சிரிப்பு பொம்மை.

லேபிள்னா ஆல்பத்தை வெளியிடுற இசைக் கம்பெனி. அது கிடைக்காதவன் இல்ல சார். தேவைப்படாதவன். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

டர்ன்பைக் ட்ரூபடோர்ஸ் நான் இருக்கிற ஓக்லஹோமாக்காரங்க. 2005ல தாலக்வாவில ஆரம்பிச்ச பேண்டு. இந்த ஊர்ப்பக்கம் ஓடுற ஒரு கட்டணச் சாலையை வெச்சுப் பேர் வெச்சாங்க. நம்ம மொழியில சொன்னா 'சுங்கச்சாவடிப் பாணர்கள்'. பாணர்னா யாருன்னு அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, சங்கப் பாட்டு பத்தித் தொடர் எழுதினவர். பிடில், ஸ்டீல் கிட்டார், அக்கார்டியன், பான்ஜோ எல்லாம் உண்டு. 2007ல முதல் ஆல்பம். அந்த ஆல்பத்தோட பேரையே பின்னாடி தங்களோட சொந்த லேபிளுக்கும் வெச்சுக்கிட்டாங்க. பெரிய கன்ட்ரி கம்பெனிகள் எல்லாம் இருக்கிற நாஷ்வில் ஊரோட ரேடியோவில இவங்களைக் கேட்கிறது அபூர்வம். ஆனா 2025 ஏப்ரல்ல, ஓக்லஹோமாவோட ஸ்டில்வாட்டர் ஊர்ல இருக்கிற பல்கலைக்கழக ஸ்டேடியத்துல கிராஸ் கனேடியன் ராக்வீட்னு இன்னொரு பேண்டு, இவங்க, இன்னும் சில உள்ளூர் ஆட்கள் எல்லாம் சேர்ந்து நாலு ராத்திரி கச்சேரி நடத்தினாங்க. ஒவ்வொரு ராத்திரியும் நாற்பதாயிரம் பேருக்கு மேல. ரெண்டாவது நாள், ஏப்ரல் 11, பெரிய முன்னறிவிப்பு எதுவும் இல்லாம புது ஆல்பத்தை வெளியிட்டாங்க. பதினோரு பாட்டு.

நாற்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ற பேண்டுக்கு லேபிள் கிடைக்கலையாம். சரி.

சனிக்கிழமை நானும் போயிருந்தேன். துல்சாவில இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டணும். எனக்கு முன் வரிசையில தொப்பி போட்ட ஒரு பெரியவர், பக்கத்துல பேத்தி. அந்தப் பிள்ளை எல்லாப் பாட்டுக்கும் எழுந்து ஆடுது. அவர் எழுந்திருக்கவே இல்ல. உள்ளங்கையால தொடையில தட்டிக்கிட்டே இருந்தார், பிடில் வர்ற இடத்துல மட்டும் கை நின்னுடும். ஒரு பாட்டுல இல்ல, ஒவ்வொரு பாட்டுலயும். எங்க ஊர்க் கோயில்ல தவிலுக்கு முன்னாடி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பெரிசுங்க ஞாபகம் வந்துது. இதையெல்லாம் கமெண்டுல எழுதினா 'உணர்ச்சிவசப்படாதே'ம்பாங்க. அதான் பதிவா எழுதுறேன்.

சொந்தமா வெளியிடுறதுன்னா என்னன்னு கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பெரிய கம்பெனி கொடுக்கிற முன்பணம் பரிசு இல்ல, கடன். பாட்டு வித்து வர்ற கலைஞன் பங்குல இருந்து அதைக் கழிச்ச பிறகுதான் அவன் கைக்குக் காசு வரும். பல ஒப்பந்தத்துல, கடன் தீர்ந்தாலும் மூலப்பதிவு கம்பெனிக்கே சொந்தம். வீட்டுக் கடனை முழுசா கட்டி முடிச்ச பிறகும் பத்திரம் பேங்க் பேர்லயே இருந்தா ஒத்துக்குவீங்களா? பாட்டுல மட்டும் அது 'பெரிய இடத்துல வாய்ப்பு' ஆயிடும்.

உடனே ஒருத்தர் வருவார். "2023 ஆல்பத்தை விநியோகம் பண்ணது தர்ட்டி டைகர்ஸ்ங்கிற கம்பெனிதானே, அப்புறம் என்ன சுயாதீனம்?" ஐயா, விநியோகம் வேற, உடைமை வேற. சந்தைக்கு மூட்டையை ஏத்திட்டுப் போற லாரிக்காரருக்கு வாடகை கொடுப்பீங்க. காட்டை எழுதிக் கொடுப்பீங்களா?

இன்னொருத்தர், "சுயாதீனமா போட்டவங்கள்ல நிறையப் பேர் கையைச் சுட்டுக்கிட்டவங்கதான்" என்பார். உண்மைதான். தெரியும். விடுங்க.

இந்தச் சண்டை இன்னைக்கு ஆரம்பிச்சதும் இல்ல. ட்ரூபடோர்ஸோட 2023, 2025 ஆல்பங்கள் ரெண்டையும் தயாரிச்சவர் ஷூட்டர் ஜென்னிங்ஸ். அவர் அப்பா வேலன் ஜென்னிங்ஸ், பேர்பெற்ற கன்ட்ரி பாடகர். அந்தக் காலத்து நாஷ்வில்ல எந்த ஸ்டூடியோவில பதியணும், யார் வாசிக்கணும்னு கம்பெனிதான் முடிவு பண்ணும். ஊர் ஊரா தன்னோட வாசிச்ச ஆட்களை வெச்சே தன் பாட்டைப் பதியறதுக்கு அந்த மனுஷன் கம்பெனியோட மல்லுக்கட்ட வேண்டியிருந்துது. 1972ல ஒப்பந்தத்தை மாத்தி எழுத வெச்சு அந்த உரிமையை வாங்கினார். அப்பா கெஞ்சியும் மிரட்டியும் வாங்கினதை மகன் இன்னைக்கு இன்னொரு பேண்டுக்குச் சாதாரணமா செஞ்சு கொடுக்கிறார். எனக்கு இது பெரிய விஷயமா தெரியுது. உங்களுக்குச் சிரிப்பு பொம்மை.

ஸ்டர்ஜில் சிம்ப்ஸன்னு ஒரு கன்ட்ரி பாடகர். 2017ல சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்குக் கிராமி வாங்கினார். அதே வருஷம் நவம்பர்ல நாஷ்வில்ல கன்ட்ரி இசை விருது விழா நடந்தப்போ, அரங்கத்துக்கு வெளியில தெருவோரமா நின்னு கிட்டார் வாசிச்சார். காசு போடுற மாதிரி திறந்து வெச்ச கிட்டார் பெட்டிக்குள்ள அந்தக் கிராமி கிடந்துது. அவரோட அந்த ஆல்பம் பெரிய கம்பெனி ஆல்பம்தான், அதையும் நானே சொல்லிடறேன், அப்புறம் யாரும் துருவிக்கிட்டு வர வேண்டாம். உள்ள இருக்கிறவங்களுக்கு எது நல்ல பாட்டுன்னு தெரியும்னு நம்புறவங்களுக்காகச் சொன்னேன்.

அடுத்தது, "வெள்ளைக்காரன் கிராமத்துப் பாட்டு, உனக்கென்ன அதுல?" இதை அவர் சொல்லல, அவரோட ரசிகர் ஒருத்தர் சொன்னார். அவர் அதுக்கு லைக் போட்டார். பார்த்தேன். பான்ஜோ ஆப்பிரிக்காவில இருந்து அடிமைகளாக் கொண்டுவரப்பட்டவங்க வழியா வந்த வாத்தியம். ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுல பிறந்தது. கம்பி மேல உலோகத் துண்டை வெச்சு வழுக்கிட்டுப் போய் அழ வைக்கிற அந்தச் சத்தம் சித்திரவீணை கேட்ட காதுக்கு அந்நியமா என்ன? துல்சாவில கெய்ன்ஸ் பால்ரூம்னு ஒரு இடம் இருக்கு. 1924ல கார் ஷெட்டா கட்டின கட்டடம், அப்புறம் பாப் வில்ஸ்ங்கிற பிடில்காரர் வாசிச்சு வாசிச்சுப் புகழாக்கின மேடை. மேப்பிள் மரத் தரை, அடியில ஸ்பிரிங். ஆடத் தெரியாத என்னை மாதிரி ஆளையும் அந்தத் தரை லேசாத் தூக்கிவிடும். 1978ல செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கிற ஆங்கிலப் பங்க் பேண்டு வந்தப்போ அதுல வாசிச்ச சிட் விஷியஸ் குத்தின சுவர் ஓட்டையைக்கூட பிரேம் போட்டு வெச்சிருக்காங்க. 2019ல நின்னு போன ட்ரூபடோர்ஸ், பாடகர் குடியை விட்டு மீண்டு வந்த பிறகு, 2022 ஏப்ரல்ல திரும்ப மேடை ஏறினது இங்கதான். எனக்கு டிக்கெட் கிடைக்கல. லேபிள் கிடைக்காத பேண்டோட டிக்கெட்.

இப்ப 'மாட்டுக்காரன்'.

எங்க தாத்தா மாடு மேய்ச்சவர். நத்தம் பக்கம். சித்தப்பா நையாண்டி மேளத்துல நாகஸ்வரம் ஊதுறவர். ரெண்டு நாகஸ்வரம், ரெண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம்னு ஒரு செட்டு வெச்சிருந்தார். 1995ல மதுரையில ஒரு கேசட் கம்பெனி கூப்பிட்டுது. ரெக்கார்டிங் செலவு உங்களுது, கேசட் போட்டு விக்கிறது நாங்கன்னாங்க. சித்தப்பா கறவை மாடு ஒண்ணை வித்தார். ஸ்டூடியோ வாடகை, செட்டுக்காரங்களுக்குப் பேட்டா, பஸ் காசு எல்லாம் அந்த மாடுதான். ஒரு முத்திரைத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டு இருபது கேசட்டைக் கையில கொடுத்து அனுப்பினாங்க. அட்டையில கரகாட்டப் படம், கம்பெனி பேர் கொட்டை எழுத்துல, அதுக்குக் கீழ 'நையாண்டி மேளம் பாகம் 4'. ஊதினவர் பேர் எங்கயும் இல்ல. அந்த ராத்திரி திண்ணையில உட்கார்ந்து இருபது கேசட்டுலயும் பால்பாயிண்ட் பேனாவால தன் பேரை அவரே எழுதினார். வழவழப்பான அட்டைல மை பிடிக்கல. எச்சில் தொட்டுத் தொட்டு எழுதினார். நான் அப்போ எட்டாவது. ஒவ்வொரு கேசட்டா நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கேசட் நல்லா ஓடிச்சு. திருவிழா, கல்யாணம், டீக்கடை, எங்க போனாலும் அதுதான். அடுத்த வருஷம் வேற ஒருத்தர் கூப்பிட்டு அதே உருப்படிகளை வாசிக்கச் சொன்னப்போ, பழைய கம்பெனியில இருந்து ஆள் வந்து அது எங்களுதுன்னு சொல்லிட்டுப் போனான். அவர் ஊதினதை அவரே திரும்ப ஊதக் கூடாதாம். அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

"ஓக்லஹோமாவில எவனோ ஆல்பம் போட்டதுக்கும் உங்க சித்தப்பாவுக்கும் என்ன சம்பந்தம், ரெண்டையும் எதுக்கு முடிச்சுப் போடுற?" கேப்பீங்க. சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும். தன் பேர் போட்ட அட்டையில தன் பாட்டை வெளியிடுற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த மை பிடிக்காத அட்டை ஞாபகம் வரும். அதைப் பார்த்து ஒருத்தர், அதுவும் நாட்டுப்புறக் கலை பத்தி மேடை மேடையாப் பேசுற ஒருத்தர், சிரிப்பு பொம்மை போட்டா எரியும். எரியுது.

பிளாக் பண்ணிட்டேனான்னு கேக்கிறவங்களுக்கு, இல்ல. பண்ண மாட்டேன். அவர் பாணர்களைப் பத்தி எழுதின தொடரோட அடுத்த பகுதிக்காகக் காத்திருக்கேன்.

நேத்து சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டு அந்த ஆல்பத்துல ஒரு பாட்டைக் கேட்க வெச்சேன். காதுல கையை மடிச்சு வெச்சுக் கடைசி வரைக்கும் கேட்டார். "பிடில்காரன் மூச்சு விட்டு வாசிக்கிறான்டா"ன்னார். எந்தக் கம்பெனின்னு கேட்டார். கம்பெனி எல்லாம் இல்ல சித்தப்பா, அவங்களே போட்டுக்கிட்டதுன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"எத்தன மாட்ட வித்தானாம்?"